ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களும் அரசு உதவித்தொகையும்: யாரை எண்ணுவது, எங்கே தேடுவது?

ஆற்றுப்படுகை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அரசிடமிருந்து மாதாமாதம் பணம் பெறும் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களின் தன்மைகள் பற்றி ஒரு களஆய்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இடம் திருச்சி மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியம். 12 ஊராட்சிகள், சுமார் 150 குடும்பங்கள். கேள்வித்தாள் அமெரிக்காவில் இதே மாதிரி குடும்பங்களுக்குப் பயன்பட்ட ஒன்றைத் தழுவியது: குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தையின் வயது, தகப்பன் தரும் ஜீவனாம்சம், தாயின் வேலை, எத்தனை மாதமாக உதவி வாங்குகிறார், இப்படி.

விதவை ஓய்வூதியப் பட்டியலையும் கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியப் பட்டியலையும் வைத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது திட்டம். ஆனால் ஒரு ஊராட்சியின் பட்டியலைப் பார்த்தபோது அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு இருக்கும் தாய்மார்கள் அந்த ஊரில் நிச்சயம் இருக்கிறார்கள், பட்டியலில்தான் இல்லை. பட்டியல் தவறா, நான் தேடும் இடம் தவறா? அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பச்சை மை எழுதியது:

பட்டியல் சரிதான். அது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும் பட்டியல்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அரசு தரும் பணம் குழந்தைக்காக வருவது. மைனர் குழந்தை இல்லையென்றால், கர்ப்பிணியாகவும் இல்லையென்றால், விண்ணப்பமே இல்லை. அந்த உதவியின் விதிகளை மாற்றிய 1996 சட்டத்துக்குப் பிறகு தாய் வேலைக்குப் போக வேண்டும், தகப்பனிடம் பணம் வசூலிக்க அரசோடு ஒத்துழைக்க வேண்டும், மத்திய அரசின் பணத்தில் மொத்தம் 60 மாதம்தான் வாங்கலாம். ஆகவே அங்கே உதவி வாங்குவோரின் பதிவேட்டைத் திறந்தால் குடும்பம் தெரியும். நம் ஊர் ஓய்வூதியப் பதிவேட்டில் ஒரு பெண் மட்டும்தான் தெரிவார். அவருக்குப் பிள்ளை உண்டா, எத்தனை, எந்த வகுப்பு என்பது தொகையை ஒரு ரூபாய்கூட மாற்றாது. மூன்று சிறு பிள்ளைகளோடு இருக்கும் 28 வயது விதவைக்கும், தனியாக இருக்கும் 70 வயது விதவைக்கும் ஒரே தொகை. 2023 ஆகஸ்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது.

எந்த வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதை வயதை வைத்துப் பாருங்கள், உங்கள் குழப்பம் பாதி தீரும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975 முதல் இருக்கும் மாநிலத் திட்டம். 18 வயதிலிருந்தே கிடைக்கும், மறுமணம் செய்திருக்கக் கூடாது. இந்திரா காந்தி பெயரில் இருக்கும் மத்திய விதவை ஓய்வூதியம் 2009-இல் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, 40 வயதிலிருந்து 79 வரை. மத்திய அரசின் பங்கு வெறும் 300 ரூபாய், மீதியை மாநிலம் போட்டுத் தருகிறது. கணவனால் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் 1986-இல் வந்தது. குறைந்தது 30 வயது இருக்க வேண்டும், கைவிடப்பட்டு 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் அல்லது நீதிமன்றத்தின் சட்டப்படியான பிரிவினைச் சான்று வேண்டும். திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கானது 50 வயதுக்கு மேல்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 19 வயதில் கல்யாணம், 20-இல் பிள்ளை, 23-இல் கணவன் போய்விட்டான். 5 ஆண்டு 28-இல் முடியும். ஆனால் வயது 30 ஆக வேண்டும். அப்போது பிள்ளைக்கு 10 வயது. பால், தடுப்பூசி, அங்கன்வாடி, ஒன்றாம் வகுப்பு என்று அவர் ஒற்றை ஆளாகப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த காலம் முழுக்க ஓய்வூதியப் பதிவேட்டில் அவர் பெயர் வரவே முடியாது. நீங்கள் பார்த்த பட்டியலில் இளம் தாய்மார்கள் குறைந்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான். திட்டத்தின் வயது வரம்பே அவர்களை வெளியே நிறுத்துகிறது. விதவைகளுக்கு இந்தத் தடை இல்லை, ஆகவே உங்கள் மாதிரியில் சிறு பிள்ளையுள்ளவர்கள் வந்தால் பெரும்பாலும் விதவைகளாகவே வருவார்கள். அதைப் பார்த்து “ஒற்றைத் தாய்மார்களில் பெரும்பாலோர் விதவைகள்” என்று எழுதிவிடாதீர்கள். பதிவேடு அப்படி வடிகட்டித் தருகிறது.

இரண்டாவது காரணம், அவர்கள் தனிக் குடும்பமாக இருப்பதில்லை. ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2019 அறிக்கை இந்தியாவில் தாய் மட்டுமே பிள்ளைகளோடு வாழும் வீடுகள் 4.5 சதவீதம், சுமார் 1.3 கோடி என்றது. கூட்டுக் குடும்பத்துக்குள் இருக்கும் ஒற்றைத் தாய்மார்கள் இன்னும் 3.2 கோடி என்று அதே அறிக்கை மதிப்பிட்டது. அதாவது தனியாகத் தெரிபவர்களைவிட இரண்டரை மடங்கு பேர் இன்னொருவர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வறுமை விகிதம் தாய் மட்டும் உள்ள வீடுகளில் 38 சதவீதம், இரு பெற்றோரும் உள்ள வீடுகளில் 22.6.

இதை நம் ஊரில் ரேஷன் அட்டையில் பார்க்கலாம். அட்டையில் குடும்பத் தலைவி படம் 58 வயது அம்மாவுடையது. உறுப்பினர் வரிசையில் அவர் கணவர், மகன், மருமகள், அதற்கும் கீழே “மகள்” என்று ஒரு பெயர், பிறகு “பேரன்”, “பேத்தி”. அந்த மகளும் இரண்டு பிள்ளைகளும்தான் நீங்கள் தேடும் குடும்பம். அட்டையின் கணக்கில் அது குடும்பமே இல்லை. சில வீடுகளில் பேத்தி பெயர் இன்னும் தகப்பன் ஊர் அட்டையிலேயே கிடக்கும்.

இதன் விளைவு மகளிர் உரிமைத் தொகையில் அப்படியே தெரியும். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு பெண்தான். தாய்வீட்டு அட்டையில் இருக்கும் மகளுக்கு வராது, அம்மாவுக்கு வரும். மாமியார் அட்டையில் இருக்கும் விதவை மருமகளுக்கும் அதே நிலை. தனி அட்டை வைத்திருக்கும் விதவை, ஓய்வூதியம் வாங்கினால் அந்த 1,000 அவருக்கு இல்லை என்பது தொடக்க விதி. ஆகவே “1,200-உம் 1,000-உம் சேர்த்து 2,200” என்று யாருக்கும் கணக்கு எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மாதிரியை ஓய்வூதியப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் தொடங்குங்கள். 6 வயதுக்குள் பிள்ளை உள்ள எல்லா வீடும் அதில் இருக்கும், தகப்பன் கூட இருக்கிறாரா என்பது அவருக்கு வாய்மொழியாகவே தெரியும். 6 முதல் 18 வரை உள்ளவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியர். இப்படி முதலில் ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களைக் கண்டுபிடித்து, பிறகு அவர்களில் யார் எந்தத் தொகை வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். வாங்காதவர்களையும் விடக் கூடாது. ஏன் வரவில்லை என்பது தெரியாமல் வாங்குபவர்களின் தன்மையை விளக்க முடியாது.

தாழம்பூ எழுதியது:

பச்சை மை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வயது சரியாக இருந்தும் பட்டியலுக்கு வராதவர்கள் ஏராளம். காகிதம்தான் காரணம்.

விதவைக்கு இறப்புச் சான்று ஒன்று போதும் என்று தோன்றும். மருத்துவமனையில் இறந்தால் சிக்கல் குறைவு. வீட்டில் இறந்து, 21 நாளுக்குள் பதியாமல் விட்டால் தொல்லை தொடங்குகிறது. 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதன்பின் ஓராண்டு வரை எழுத்துப்பூர்வ அனுமதி, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு. வெளியூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்திருந்தால் பதிவு அங்கேதான் நடக்கும், சொந்த ஊர் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) கேட்டுப் பயனில்லை. உங்கள் கேள்வித்தாளில் “கணவர் இறந்த ஆண்டு” மட்டும் போதாது. “எங்கே இறந்தார், இறப்புச் சான்று எப்போது கிடைத்தது” என்ற இரண்டையும் கேளுங்கள். இறந்த நாளுக்கும் முதல் தொகை வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி எங்கே போயிற்று என்பது அதில் தெரிந்துவிடும்.

கைவிடப்பட்டவர்களின் பாடு இதைவிடக் கடினம். ஒருவர் இறந்ததற்குச் சான்று உண்டு. வராமல் போனதற்கு என்ன சான்று? நீதிமன்றம் போனவர்கள் குறைவு. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதித் தீர்த்துவிட்டது தான் பெரும்பாலும் இருக்கும். அந்தத் தாள் சட்டப்படி விவாகரத்து ஆகாது. ஆனால் அதில் தேதி இருக்கிறது, அதனால் தூக்கிப் போட வேண்டாம். 5 ஆண்டு ஆகிவிட்டது என்று விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) நம்புவதற்குத் தேவை தேதியுள்ள காகிதங்கள்தான். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது தந்த சிஎஸ்ஆர் ரசீது, ஜீவனாம்ச வழக்கு போட்டிருந்தால் மனு எண், பிள்ளையைத் தாய்வீட்டு ஊர்ப் பள்ளியில் சேர்த்த தேதி, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், இவையெல்லாம் செல்லும். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் இந்த வேலைக்கு உதவும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

எதிராகப் போகும் காகிதங்களும் உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே ரேஷன் அட்டையில் இருப்பது, வாக்காளர் பட்டியலில் ஒரே கதவு எண், ஆதாரில் பழைய முகவரி. விசாரணைக்கு வருபவர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். “அட்டையில் சேர்ந்துதானே இருக்கிறீர்கள்” என்று ஒரே வரியில் நிராகரிப்பு எழுதிவிடுவார்கள். ஆகவே ஓய்வூதியத்துக்கு எழுதும் முன் வட்ட வழங்கல் அலுவலகத்தில் தன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் பிரிக்க வேண்டும். தனி அட்டைக்கு வீட்டைப் பார்க்க வருவார்கள், தனி அடுப்பு இருக்கிறதா என்பது கேள்வி. தாய்வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்குத் தனி அட்டை கிடைப்பது சிரமம். தனி அட்டை இல்லையென்றால் உரிமைத் தொகையும் அம்மாவுக்கே. சிக்கல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது.

சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய், ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு 10 ரூபாய். முதலில் கேன் எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) பதிய வேண்டும். அதில் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டதற்காகவே திரும்பி வந்த மனுக்கள் உண்டு. கைப்பேசி எண் தம்பியுடையதாக இருந்தால் ஓடிபியும் நிராகரிப்புச் செய்தியும் அவனுக்குப் போகும், அவருக்குத் தெரியாமலேயே மனு செத்துவிடும். விஏஓ, ஆர்ஐ பார்த்த பிறகு தனி வட்டாட்சியர் ஒப்பளிப்பு தருவார். அசையாச் சொத்து 1 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற விதியில் கணவனின் பிரிக்கப்படாத குடும்பச் சொத்து வந்து இடிக்கும். பங்கு கையில் வராது, ஆனால் வாரிசுச் சான்றில் பெயர் இருக்கும்.

கணவர் காணாமல் போன குடும்பங்களைத் தனி வகையாக வையுங்கள். 7 ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். அதற்கும் தொடக்கத்திலேயே போலீஸில் காணவில்லை என்று பதிவு செய்திருக்க வேண்டும், பிறகு நீதிமன்றம். அந்த 7 ஆண்டும் அந்தப் பெண் விதவையும் இல்லை, கணவனோடு வாழும் மனைவியும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் திரும்பாதபோது அரசு அந்த 7 ஆண்டைத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்ச ரூபாய் நிவாரணம் தந்தது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே கடலில் போனதால் அது முடிந்தது. தனித்தனியாகக் காணாமல் போகிறவர்களின் மனைவிகளுக்கு அந்தத் தளர்வு இல்லை. இவர்களுக்கு 5 ஆண்டு, 30 வயது முடிந்திருந்தால் கைவிடப்பட்டோர் என்ற வகையில் விண்ணப்பிப்பது நடைமுறையில் சீக்கிரமான வழி.

ஒரு சொல் எச்சரிக்கை: “ஆதரவற்ற விதவை” என்பதற்கு அலுவலகத்துக்கு அலுவலகம் பொருள் வேறு. அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு மாத வருமானம் 4,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சான்று தருபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். ஓய்வூதியத்துக்கு உரிய விசாரணை வேறு. ஒன்று இருக்கிறது என்பதால் இன்னொன்றும் இருப்பதாகக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஆற்றுப்படுகை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாதிரி எடுக்கும் முறையையே மாற்றுகிறேன். இன்னும் மூன்று ஐயம். பிள்ளையின் பெயரில் வரும் தொகை எதுவுமே இல்லையா? மனைவியை இழந்த தகப்பன்களை என்ன செய்வது? திருமணமாகாத தாய்மார்கள் எந்த வகையில் வருவார்கள்?

வேங்கை மரம் எழுதியது:

பிள்ளைக்கென்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் நிதி ஆதரவு, பிள்ளை ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. தாய் விதவை, விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் என்றால் தகுதி உண்டு. 30 வயது என்ற தடை இதில் இல்லை. தொகையும் தாயின் ஓய்வூதியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். ஒற்றைத் தாய் குடும்பத்தை நேராகப் பார்க்கும் திட்டம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வருமான வரம்பைக் கவனியுங்கள்: கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. 100 நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு 2024-25-இல் நாள் கூலி 319 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 100 நாளும் கிடைத்தால்கூட ஆண்டுக்கு 31,900தான், வரம்புக்குள் வந்துவிடுவார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாதம் 10,000 வாங்கும் தாயின் ஆண்டு வருமானம் 1,20,000, வெளியே போய்விடுவார். ஆனால் அவர் வாடகை கொடுக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா வீடு பக்கத்தில் இல்லை. கிராமத்துத் தாய்க்கு அந்த இரண்டும் மிச்சம். உங்கள் ஒன்றியம் திருச்சி நகரத்தை ஒட்டியிருந்தால் இந்த வேறுபாடு ஊராட்சிக்கு ஊராட்சி தெரியும், வாடகையைத் தனிக் கேள்வியாக வையுங்கள்.

விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தோடு இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். பிள்ளை படிப்பதற்கான பள்ளிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை நகல், இறப்புச் சான்று அல்லது கைவிடப்பட்டதற்கான சான்று, பிள்ளையின் பெயர் சேர்ந்த வங்கிக் கணக்கு. வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார்கள். குழந்தைகள் நலக் குழு, பிறகு மாவட்ட ஒப்புதல் குழு. குழு கூடுவதைப் பொறுத்து மாதங்கள் ஆகும். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகாமல் 30 நாள் தாண்டினால் தொகையை மறுபரிசீலனை செய்து நிறுத்தலாம். அறுவடைக் காலத்தில் தாயோடு வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு இங்கேதான் அறுந்துபோகிறது. போகும் முன் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மாநில அரசின் அன்புக் கரங்கள் 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது, மாதம் 2,000. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளோடு, பெற்றோரில் ஒருவர் இறந்து, மற்றவர் கைவிட்டுப் போயோ சிறையிலோ மாற்றுத்திறனாளியாகவோ உயிர்க்கொல்லி நோயால் படுத்தோ இருக்கும் பிள்ளைகளும் இதில் வருவார்கள். உழைக்கத் திராணியுள்ள ஒற்றைத் தாய் இதில் வரமாட்டார், அதைக் கலந்துவிடாதீர்கள். கல்லூரிக்குப் போன பிள்ளை இருந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கென்று வந்த திட்டம் அது, தாயின் நிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தகப்பன்கள்: மனைவியை இழந்த ஆணுக்கு ஓய்வூதியம் என்று ஒரு வகையே இல்லை. உரிமைத் தொகை பெண்ணுக்கு. அவர் வீட்டில் 21 வயது கடந்த மகளோ தாயோ அட்டையில் இருந்தால் அவர் வழியாக 1,000 வரலாம். வாத்சல்யாவில் விதவைத் தாய் என்று எழுதியிருக்கும் இடத்தில் அவர் நுழைய முடியாது. உடலாலும் பணத்தாலும் பிள்ளையைப் பார்க்க இயலாத பெற்றோர் என்ற இன்னொரு பிரிவில்தான் மனு போட வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். ஆகவே உங்கள் “உதவி வாங்குவோர்” கூட்டத்தில் தகப்பன்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்வார்கள், அங்கன்வாடிப் பதிவேட்டில் பாட்டி பெயரோடு தேடுங்கள்.

திருமணமாகாத தாய்: 50 வயதுவரை எந்த ஓய்வூதியத்திலும் இடமில்லை. தனி அட்டை இருந்தால் உரிமைத் தொகை உண்டு. பிள்ளையின் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பினால், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டலாம்: தாய் உறுதிமொழிப் பத்திரம் தந்தால் பிறப்புச் சான்று கொடுக்க வேண்டும். கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், பேரிளம் பெண்களுக்காக (வயது கடந்தும் திருமணமாகாதவர்கள்) 2022-இல் அமைத்த நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்பதையும் எல்லோரிடமும் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. கணவர் ஏதாவது கம்பெனியில் பிஎஃப் பிடித்த வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்குக் குறைந்தது 250, 25 வயது வரை. படிவம் 10டி. ஆலை வேலைக்குப் போய் இறந்தவர்களின் மனைவிகளில் இதைக் கேட்காமலே விட்டவர்கள் இருப்பார்கள். “கணவருக்குச் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்களா” என்று ஒரு கேள்வி சேர்த்தால் உங்கள் ஆய்வே சிலருக்குப் பணம் வாங்கித் தரும்.

பச்சை மை எழுதியது:

கேள்வித்தாளுக்கு வருகிறேன். “எவ்வளவு வாங்குகிறீர்கள்” என்று வாயால் கேட்டால் வருவது திட்டத்தில் சொன்ன தொகை. பாஸ்புக்கைப் பதிவிட்டுக் கொண்டுவரச் சொல்லி 12 மாத வரிகளைப் பாருங்கள். 1,200 வரவு, இரண்டு நாள் கழித்து 1,000 எடுப்பு, நடுவில் குறுஞ்செய்திக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு ஒரு பிடித்தம். ஜூன் வாக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருக்கும், அவை பிரதமர் பெயரில் உள்ள இரண்டு காப்பீடுகளின் சந்தா. அந்த மாதம் கைக்கு வந்தது 744தான். விதவையாக இருந்தால் இறந்த கணவரின் பழைய பாஸ்புக்கையும் கேளுங்கள். அதில் அதே 436 பிடித்தம் இருந்து, காப்பீடு நடப்பில் இருந்தபோது இறந்திருந்தால் 2 லட்ச ரூபாய் கேட்பு உண்டு. குறைந்தபட்ச இருப்புக்குப் பிடித்தம் இருந்தால், அது தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம்.

வரவே வராத மாதங்கள் இருந்தால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்குப் போகும். சுயஉதவிக் குழுவுக்காகப் புதிதாக ஒரு கணக்குத் திறந்து ஆதார் கொடுத்திருந்தால் பணம் அங்கே கிடக்கும், பழைய பாஸ்புக்கில் தெரியாது. அல்லது 2 ஆண்டுக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாததால் கணக்கு முடங்கியிருக்கும். பாத்திரம் துலக்கியும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த விரல்களை ஊருக்கு வரும் வங்கி முகவரின் இயந்திரம் ஏற்காமல் போவதும் அடிக்கடி நடக்கும். அதைப் பணம் வரவில்லை என்று குறிக்கக் கூடாது. வந்தது, எடுக்க முடியவில்லை என்று தனியாகக் குறியுங்கள்.

அமெரிக்கத் தாளில் இருந்த ஜீவனாம்சக் கேள்வியை எடுத்துவிட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். இங்கே ஓய்வூதியத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் அங்கேபோல முடிச்சு இல்லை. கேட்டாரா, உத்தரவு வந்ததா, வந்தபின் பணம் வந்ததா என்று மூன்றாகக் கேளுங்கள். உத்தரவு இருந்தும் பணம் வராத குடும்பங்கள் நிறைய. வழக்கே போடாதவர் இருந்தால் பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எதுவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

“கணவர் எங்கே” என்று நேராகக் கேட்கும் கேள்வியை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மாமியாரோ அண்ணியோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதற்கு உண்மைப் பதில் வராது, “வெளியூர்ல வேலை” என்பார்கள். பிள்ளைகளிலிருந்து தொடங்கி, ரேஷன் அட்டையை வாங்கிப் பார்த்து, யார் யார் இந்த வீட்டில் தூங்குகிறார்கள் என்று கேட்டால் அவராகவே சொல்லுவார். வேலைக்குப் போகும் தாய்மார்களைக் காலை 8 மணிக்கு மேல் வீட்டில் பிடிக்க முடியாது. மாலை 6-க்குப் பிறகு, அல்லது 100 நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கொஞ்சம் தள்ளி நிழலில் வைத்துப் பேசுங்கள்.